மருத்துவர் அல்லாதோர் தாங்கும் மருத்துவமனைக் கப்பல்

ராணுவம் சாராத மருத்துவமனைக் கப்பல்களுள் உலகிலேயே பெரியதான குளோபல் மெர்சி, ஆறு அறுவை அரங்குகளும் 199 படுக்கைகளும் கொண்ட முழு மருத்துவமனையைத் தன்னுள் அடக்கியிருப்பினும், அதில் தங்கிப் பணியாற்றுவோரில் கணிசமான பகுதியினர் மருத்துவமோ செவிலியமோ படித்தவர்கள் அல்லர். எந்திரம் இயக்குபவர், மின்பணியாளர், குழாய் பழுதுபார்ப்பவர், சமையல்காரர், பாத்திரம் துலக்குபவர், துணி வெளுப்பவர், வண்டியோட்டி, கணக்கர், பள்ளி ஆசிரியர், முடி திருத்துபவர் எனப் பல தொழில்களைச் சேர்ந்த இவர்கள் துணைப் பணியாளர் என்று பொதுவாக அழைக்கப்படுகின்றனர். ஊதியம் எதுவும் பெறாமல், தம் சொந்தச் செலவில் பயணம் செய்து வந்து, சில வாரங்கள் முதல் பல ஆண்டுகள் வரை கப்பலிலேயே வாழ்ந்து பணியாற்றும் இவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவது அரிது. அறுவை முடிந்து திரும்பும் குழந்தையின் முகமே படமாக வெளியாகிறது. அந்தக் குழந்தைக்கு வேண்டிய தூய நீரையும் இடைவிடாத மின்சாரத்தையும் உரிய உணவையும் அளித்தவர்கள் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றனர்.

மருத்துவமனைக் கப்பல்கள் இருவகைப்படும். போரில் காயமுற்றோரைக் காப்பதற்கென அரசுகள் நடத்துபவை ஒருவகை; 1949ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை இவற்றைத் தாக்குதலிலிருந்து காக்கிறது, இவற்றின் வெளிப்புறம் வெண்ணிறமாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. எண்ணெய்க் கப்பல்களாக இருந்து 1980களில் மருத்துவமனைகளாக மாற்றப்பட்ட, ஒவ்வொன்றும் ஆயிரம் படுக்கைகள் கொண்ட அமெரிக்கக் கடற்படையின் மெர்சி, கம்ஃபர்ட் ஆகியவை இவ்வகையின. அறக்கட்டளைகள் நடத்தும் குடிசார் கப்பல்கள் மற்றொரு வகை. இவற்றில்தான் தன்னார்வத் துணைப் பணியாளர் முறை முழு வடிவில் வளர்ந்துள்ளது.

அறுவை மருத்துவத்துக்குக் கப்பல் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் செலவிலான அறுவை மருத்துவம் உலகில் ஏறத்தாழ 500 கோடி மக்களுக்கு எட்டவில்லை என்று 2015இல் லான்செட் இதழ் அமைத்த உலக அறுவை மருத்துவ ஆணையம் கணித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அறுவை வல்லுநர் பற்றாக்குறை ஒருபுறமிருக்க, இருக்கும் மருத்துவமனைகளிலும் மின்சாரம் தடைப்படுவதும், ஆக்சிஜன் தீர்ந்துபோவதும், பழுதான கருவியைச் சரிசெய்ய ஆளின்றி அது மூலையில் கிடப்பதும் அன்றாட நிகழ்வுகள். மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்வதும் பழுதுபார்க்கும் பட்டறையைத் தன்னுடனே கொண்டு செல்வதும் கப்பலுக்கு இயல்பான தன்மைகள் ஆதலால், துறைமுக நகரில் அது வந்து நிற்கும்போது ஒரு மருத்துவமனைக்குத் தேவையான அடித்தளம் முழுவதும் கூடவே வந்துவிடுகிறது. அந்த அடித்தளத்தை இயக்குவோரே துணைப் பணியாளர் என்பதால், கப்பல் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் துணைப் பணியாளரின் முக்கியத்துவமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இந்த எண்ணத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்க மருத்துவர் வில்லியம் வால்ஷ் 1958இல் தொடங்கிய புராஜெக்ட் ஹோப் என்னும் அமைப்பு, கடற்படையின் பழைய மருத்துவக் கப்பல் ஒன்றைப் பெற்று எஸ்.எஸ். ஹோப் என்று பெயரிட்டு 1960இல் இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. பின்னர் பெரு, கினி, கொலம்பியா முதலிய நாடுகளுக்குச் சென்ற அக்கப்பல் 1968இல் இலங்கைக்கும் வந்தது. உள்ளூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்றுக்கொடுப்பதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. சிகிச்சை அக்கற்பித்தலோடு இணைந்து நடந்தது. அங்கே மருத்துவர்கள் சுழற்சி முறையில் தன்னார்வலராக வந்துபோக, கப்பலைச் செலுத்தியவர்கள் ஊதியம் பெறும் வணிகக் கப்பல் மாலுமிகளாக இருந்தனர். 1974இல் அக்கப்பலின் பணி முடிவுற்றது.

கப்பலைச் செலுத்துவோரும் சமைப்போரும்கூடத் தன்னார்வலராகவே இருக்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது 1978இல் டான் ஸ்டீபன்ஸ், டெயோன் ஸ்டீபன்ஸ் இணையர் சுவிட்சர்லாந்தின் லோசானில் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் அமைப்பு. எஸ்.எஸ். ஹோப் கப்பலைப் பற்றி இளமையில் அறிந்ததும், கடும் குறைபாட்டுடன் பிறந்த தம் மகனும், கொல்கத்தாவில் அன்னை தெரசாவைச் சந்தித்ததும் தம்மை இப்பணிக்குத் திருப்பியதாக டான் ஸ்டீபன்ஸ் கூறியுள்ளார். கிறித்தவச் சமயப் பின்னணியில் தோன்றிய அமைப்பாயினும் நோயாளியின் மதம் பார்த்துச் சிகிச்சை அளிப்பதில்லை என்பது அதன் அறிவிக்கப்பட்ட நெறி. 1953இல் கட்டப்பட்ட இத்தாலியப் பயணிகள் கப்பலை வாங்கி அனஸ்தாசிஸ் என்று பெயரிட்டு அவர்கள் தொடங்கிய பணி, டென்மார்க்கின் ரயில் படகாக இருந்து மாற்றியமைக்கப்பட்டு 2007இல் சேவைக்கு வந்த ஆப்பிரிக்கா மெர்சி, மருத்துவமனையாகவே வடிவமைக்கப்பட்டுச் சீனாவின் தியான்ஜினில் கட்டி முடிக்கப்பட்டு 2021இல் ஒப்படைக்கப்பட்ட குளோபல் மெர்சி என்று வளர்ந்தது. தொடக்கம் முதல் இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் இக்கப்பல்களில் நடந்துள்ளன.

குளோபல் மெர்சியின் நீளம் 174 மீட்டர். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 37,000 டன். அதன் 12 தளங்களில் மூன்றாம், நான்காம் தளங்கள் மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. கப்பலின் கீழ்த்தளங்களில் அசைவு குறைவு என்பதால், கத்தியின் நுனி ஒரு மயிரிழை விலகினாலும் கேடு நேரக்கூடிய பணிக்கு அவ்விடம் ஏற்றது. இக்கப்பல் டீசல் எந்திரங்களால் மின்சாரம் ஆக்கி, அம்மின்சாரத்தாலேயே உந்தப்படும் வகையைச் சேர்ந்தது. துறைமுகத்தில் பல மாதங்கள் கட்டப்பட்டு நிற்கும்போது உந்துவிசை தேவைப்படாது எனினும், வெப்ப மண்டலத்தில் நாள் முழுதும் குளிரூட்டவும் அறுவை விளக்குகளையும் செயற்கைச் சுவாசக் கருவிகளையும் இயக்கவும் மின்னாக்கிகள் ஒரு நொடியும் ஓயக்கூடாது. சாதாரணச் சரக்குக் கப்பலில் விளக்கு சில நிமிடம் அணைந்தால் அது தொல்லை. இங்கோ அந்தச் சில நிமிடங்களில் மேசையில் ஒரு குழந்தை மயக்க மருந்தின் பிடியில் இருக்கக்கூடும். எந்திர அறையில் முறைவைத்துக் காவலிருக்கும் பணியாளர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்றாலும், நோயாளியின் மூச்சுக்கு அவரும் பொறுப்பாளர்.

நீரின் பங்கு இன்னும் நுட்பமானது. அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறையை அருகிலிருந்து கண்டால் இது விளங்கும். அறுவை முடிந்ததும் இடுக்கி, கத்திரி, ஊசிபிடி முதலியவை ரத்தம் காய்ந்துவிடாதபடி உடனே ஊறவைக்கப்பட்டு, தேய்த்துக் கழுவப்பட்டு, மூட்டும் பல்லும் உள்ள இடங்களில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சரிபார்க்கப்பட்டு, தட்டில் வரிசையாக அடுக்கப்பட்டு, இரட்டை உறையில் பொதியப்படுகின்றன. பின்னர் அவை ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்தக் கலனுக்குள் செல்கின்றன. வீட்டுக் குக்கரின் தத்துவமே இதிலும் இயங்குகிறது: அழுத்தத்தால் நீராவியின் வெப்பம் 134 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தப்பட்டு, சில நிமிடங்கள் அங்கேயே நிறுத்தப்படுகிறது. பொதியின்மேல் ஒட்டிய நாடாவின் கோடுகள் கருமையாக மாறியிருந்தால் அப்பொதி நீராவி வெப்பத்துக்கு உட்பட்டது என்று அறியலாம். உள்ளே வைத்த வேதிக் குறியட்டையும் சரியாக மாறியிருந்தால்தான் அது அரங்குக்குள் செல்லும். இந்நீராவிக்கு உப்பும் சுண்ணாம்பும் நீக்கிய நீர் வேண்டும். இல்லையெனில் கருவிகளில் கறை படியும், கலனின் குழாய்களில் படிவு ஏறும். துறைமுக நீர் பெரும்பாலும் எண்ணெயும் கழிவும் கலந்தது ஆதலால், கடல்நீரைச் சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்கும் எந்திரங்களை அங்கே நம்பியிருப்பது எளிதன்று. உள்ளூர் நீரை வாங்கினால் அதையும் வடிகட்டி, குளோரின் இட்டு, சோதித்தே பயன்படுத்த வேண்டும். எனவே நீர்த்தொட்டிகளைப் பார்க்கும் பணியாளரிடமும் குழாய்ப் பணியாளரிடமும் நேரும் ஒரு சுணக்கம், சில மணி நேரத்தில் அறுவை அட்டவணையில் வந்து நிற்கும். கப்பலில் குளிப்போர் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீரைத் திறந்துவிடக் கூடாது, சோப்புத் தேய்க்கும்போது குழாயை மூடிவிட வேண்டும் என்ற விதியும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியே.

துணைப் பணியாளரின் உடலும் மருத்துவமனையின் ஓர் உறுப்பாக மாறும் இடம் ஒன்று உண்டு. நிலத்திலுள்ள பெரிய மருத்துவமனைகளைப் போல ரத்தத்தைப் பெருமளவில் திரட்டிக் குளிரூட்டி வைத்திருப்பது கப்பலில் எளிதன்று. ஆகவே பணியாளர்களின் ரத்த வகையை முன்னரே அறிந்து, நோய்ச் சோதனைகளையும் முடித்துப் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கின்றனர். ஓர் அறுவையின்போது ரத்தம் தேவைப்பட்டால் அவ்வகை ரத்தமுள்ளவரை அழைத்துப் புதிதாக எடுத்துச் செலுத்துகின்றனர். இம்முறை நடமாடும் ரத்த வங்கி எனப்படுகிறது. சேமிப்பில் செயல் குன்றும் ரத்தத் தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் புதிய முழு ரத்தத்தில் அப்படியே இருப்பதால், பெருங்கட்டியை அகற்றும்போது ஏற்படும் கடும் ரத்தப்போக்குக்கு அது சிறந்த மருந்தாகிறது. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு ரத்தம் கொடுக்கச் செல்வதும், மறுநாள் தம் ரத்தம் பெற்றவரை வார்டில் சென்று காண்பதும் இக்கப்பல்களில் புதுமையல்ல. தன்னார்வப் பணி என்ற சொற்றொடருக்கு இதைவிடத் தெளிவான பொருளை வேறெங்கும் காண்பது கடினம்.

இக்கப்பல்களுக்கு வரும் நோயாளிகளின் தன்மையை அறிந்தால் சமையல்கூடத்தின் பணியும் விளங்கும். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, பல ஆண்டுகளாக வளர்ந்து மூச்சையும் விழுங்கலையும் தடுக்கும் தாடைக் கட்டி, கண்புரை, குடலிறக்கம், தீக்காயத் தழும்பு இறுகி மடங்கிப்போன கை, வளைந்த கால்கள் ஆகியவை இங்கு மிகுதி. சத்துக்குறைவுள்ள குழந்தைகளின் முகத்தசையை அழிக்கும் நோமா என்னும் தொற்றின் வடுக்களோடு வருவோரும் உண்டு. 2023 டிசம்பரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. முகத்திலும் வாயிலும் அறுவை செய்யப்பட்டோருக்கு நீர்த்த உணவும் மென்மையான உணவும் தேவை. அண்ணப் பிளவால் பால் உறிஞ்ச இயலாமல் மெலிந்த குழந்தைகளோ அறுவையைத் தாங்கும் எடை பெறும்வரை வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், உணவூட்டும் திட்டத்தில் வைத்துப் பேணப்படுகின்றனர். இதற்கிடையில் பல நாடுகளிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான பணியாளர்களுக்கும், அவரவர் ஊர்ச் சோறும் குழம்பும் பழகிய நோயாளிகளுக்கும் அதே கூடம் மூன்று வேளையும் சமைக்க வேண்டும். அங்கே வயிற்றுப்போக்கு ஒன்று பரவினால் சமையல்காரர், செவிலியர், மயக்க மருத்துவர் எல்லோரும் ஒரே நாளில் படுத்துவிடுவர் என்பதால், கைப்பிடிக் கம்பிகளையும் கதவுக் குமிழ்களையும் நாள்தோறும் துடைக்கும் துப்புரவுப் பணியும் மருத்துவப் பணியே ஆகும்.

கப்பலில் பள்ளிக்கூடம் இருப்பது வியப்பாகத் தோன்றலாம். நீண்ட காலம் பணியாற்ற வருவோர் குடும்பத்துடன் வருகின்றனர். குழந்தைகளின் படிப்பு தடைப்படும் என்றால் அவர்கள் வரமாட்டார்கள். முகம், தாடை அறுவை வல்லுநரான கேரி பார்க்கர் 1980களில் மெர்சி ஷிப்ஸ் கப்பலுக்குச் சில மாதங்களுக்கென வந்து, அங்கேயே திருமணம் செய்து, தம் இரு பிள்ளைகளையும் கப்பலிலேயே வளர்த்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியிருக்கிறார். அத்தகைய தொடர்ச்சி ஒரு மருத்துவமனைக்கு எவ்வளவு மதிப்புடையதோ, அதே அளவு மதிப்பு அத்தொடர்ச்சியைச் சாத்தியமாக்கும் ஆசிரியருக்கும் உண்டு.

மருத்துவமனையாக இருப்பினும் அது முதலில் கப்பல். கப்பல் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டது. டைட்டானிக் விபத்தை அடுத்து 1914இல் முதன்முதலாக உருவாகி, இன்று 1974ஆம் ஆண்டின் வடிவில் நடைமுறையிலுள்ள சோலாஸ் என்னும், கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை, பயணிகள் கப்பல்களில் தீயணைப்பு, கப்பல் கைவிடல் ஒத்திகைகளை வாரந்தோறும் நடத்தக் கோருகிறது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அனைவரும் தமக்குரிய கூடுமிடத்துக்கு விரைய வேண்டும். படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளிகளைத் தூக்குப்படுக்கையில் மேல்தளத்துக்குக் கொண்டுசெல்லும் குழுக்களில் துணைப் பணியாளர்களும் இடம்பெறுவதால், வரவேற்பு மேசையில் அமர்பவரும் முடி திருத்துபவரும் உயிர்க்கவசம் அணியவும் தீயணைப்புக் கருவியைக் கையாளவும் பயிற்சி பெற்றாக வேண்டும்.

இப்பணியின் சுமையையும் மறைக்காமல் கூற வேண்டும். பலர் சேர்ந்து தங்கும் சிறு அறை, அடுக்குப் படுக்கை, இரவில் திரும்புவதற்கு நேரக்கட்டுப்பாடு, உடன் பணியாற்றுவோரையே உணவிலும் ஓய்விலும் ஓயாமல் காணும் நெருக்கம் ஆகியவை எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ஊதியம் இல்லாததோடு, விமானச் செலவையும் காப்பீட்டையும், நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கப்படி உணவுக்கும் தங்குமிடத்துக்குமான மாதத் தொகையையும் தன்னார்வலரே ஏற்றனர். பெரும்பாலோர் தம் நண்பர்களிடமும் உறவினரிடமும் நன்கொடை திரட்டியே வருகின்றனர். இம்முறையால் நன்கொடைப் பணம் நோயாளிகளையே சென்றடைகிறது என்பது உண்மை. ஆனால் செல்வ நாடுகளில் பிறந்தோருக்கே இக்கதவு எளிதில் திறக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. மனமும் திறமையும் இருந்தும் பயணச் செலவுக்கு வழியில்லாதவரை வெளியே நிறுத்தும் எந்த ஏற்பாடும் திருத்தத்துக்குரியது.

கப்பல் நிற்கும் நாட்டிலேயே அமர்த்தப்படும் பகல்நேரப் பணியாளர்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றனர். ஊதியம் பெறும் இவர்களில் மொழிபெயர்ப்பாளரின் பணி தனிச்சிறப்புடையது. செனகலில் வோலோஃப், புலார் முதலிய மொழிகளும், சியரா லியோனில் கிரியோ, மெண்டே, தெம்னே ஆகியவையும் பேசும் நோயாளியிடம், வலி எங்கே, அறுவையில் என்ன நடக்கும், எதற்கு ஒப்புதல் கேட்கப்படுகிறது என்பவற்றை அவர்களே விளக்க வேண்டும். பிள்ளைப்பேறு நாட்கணக்கில் தடைப்பட்டு நின்றதால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, ஓயாத சிறுநீர்க் கசிவினால் கணவராலும் ஊராலும் ஒதுக்கப்பட்ட பெண்களுக்கு, மருத்துவரின் சொற்களை மானம் காக்கும் சொற்களாக மாற்றித் தருவதும் அவர்களே. அப்பெண்கள் குணமடைந்ததும் புத்தாடை அணிவித்துப் பாட்டும் ஆட்டமுமாக ஒரு விழா நடத்துவது மெர்சி ஷிப்ஸ் கப்பல்களில் நெடுநாள் வழக்கம். எந்திர அறையிலிருந்தும் சமையல்கூடத்திலிருந்தும் பணியாளர்கள் வந்து கைதட்டி நிற்கும் அவ்விழாவில்தான், தாம் துடைத்த தரையும் ஆக்கிய மின்சாரமும் யாருக்காக என்பதை அவர்களில் பலர் நேரில் காண்கின்றனர்.

ஏறத்தாழ பத்து மாதங்கள் நின்று திரும்பும் கப்பல், தனக்குப் பின்னால் என்ன விட்டுச்செல்கிறது என்ற விமர்சனம் வலுவானது. கப்பல் சென்ற மறுநாளே அடுத்த தாடைக் கட்டி வளரத் தொடங்குகிறது. இதை உணர்ந்து, உள்ளூர் அறுவை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கருவி பழுதுபார்ப்போருக்கும் பயிற்சி அளிப்பது இன்று சிகிச்சைக்கு இணையான பணியாக வளர்ந்துள்ளது; கினி நாட்டின் கொனாக்ரியில் பல்மருத்துவக் கல்வியை வலுப்படுத்துவதற்காகப் பல்கலைக்கழகத்துடன் செய்துகொண்ட ஏற்பாடு இதற்கு எடுத்துக்காட்டு. பழுதுபார்க்கும் திறமை உள்ள துணைப் பணியாளர் இங்கே ஆசிரியராகவும் ஆகிறார், ஏனெனில் உள்ளூர் மருத்துவமனையில் கிடக்கும் ஆட்டோகிளேவை இயங்கவைக்கக் கற்றுக்கொடுத்தால் அதன் பயன் கப்பல் போன பின்னும் நிலைக்கிறது. கடலை விட்டு ஆற்றுக்கு வந்தால் வேறு மாதிரிகளும் உள்ளன. வங்கதேசத்தில் ரூனா கான் நிறுவிய ஃபிரெண்ட்ஷிப் அமைப்பின் மிதக்கும் மருத்துவமனையும், அசாமில் பிரம்மபுத்திரா நதியின் மணல்தீவுகளுக்குச் செல்லும் படகு மருத்துவகங்களும் பெரும்பாலும் அந்தந்த மண்ணின் பணியாளர்களைச் சார்ந்து, ஆண்டு முழுதும் அதே மக்களிடம் திரும்பத் திரும்பச் செல்கின்றன. நீண்டகால நோக்கில் இவையே உறுதியான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் முகத்தை மூடிக்கொண்டு இருட்டில் வாழும் நோயாளிக்குக் காலம் காத்திருக்காது என்பதால் கப்பலின் தேவையும் தீர்ந்துவிடவில்லை.

துணைப் பணியாளரிலும் மிக அரிதாகக் கிடைப்போர் உரிமம் பெற்ற கப்பல் அதிகாரிகளும் கடல்சார் பொறியாளர்களுமே. எந்தெந்தத் தகுதிச் சான்று உடையோர் எத்தனை பேர் இருந்தால் கப்பல் புறப்படலாம் என்று அது பதிவான நாட்டின் அரசு ஆவணம் வழங்கி வரையறுக்கிறது. அந்த எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தாலும் கப்பல் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது. ஓர் அறுவை வல்லுநர் வரவில்லையெனில் ஓர் அரங்கின் அட்டவணை ஒத்திப்போகும். தகுதிவாய்ந்த எந்திரப் பொறியாளர் வரவில்லையெனில் ஒரு நாட்டுக்குச் செல்ல வேண்டிய மருத்துவமனை முழுவதும் கரையில் கட்டுண்டு நிற்கும். உலகக் கப்பல்களுக்குப் பணியாளரை வழங்கும் முன்னணி நாடுகளுள் இந்தியா ஒன்று. தமிழகக் கடற்கரை நகரங்களிலிருந்தும் கப்பல் பணிக்குச் செல்வோர் பலர். ஓர் ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாதக்கணக்கில் விடுப்பில் இருக்கும் இத்தகையோரிடம் அந்த அரிய சான்றிதழ்கள் ஏற்கெனவே உள்ளன. அவர்கள் அவ்விடுப்பில் சில வாரங்களைக் கொடுத்தால், நெடுங்காலமாக விடுப்பின்றி எந்திர அறையைக் காத்துவரும் ஒருவர் வீட்டுக்குச் சென்று வர முடியும்.